ஊமத்தை கேஸ்

"நல்லாத்தான் பேசுறாரு" என்ற வார்த்தையை எங்கள் கேஷுவால்டியில் யாரும் டாக்டரம்மா காதில் விழும்படி சொல்லிவிடக் கூடாது. சொன்னால் தொலைந்தோம். "அலோர்!" என்று ஒரு சத்தம் வரும். சொல்தா வீட்டுப் பெண் அவர். அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து கடைசிவரை அந்த நாட்டுப் பென்ஷன் வாங்கியவர். வீட்டில் பேசிய பிரெஞ்சையெல்லாம் வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டு வந்தாலும், இந்த 'அலோர்' மட்டும் டாக்டரோடு டூட்டிக்கு வந்துவிடும். நம் ஊரில் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு "அப்படியா சேதி?" என்று கேட்போமே, கிட்டத்தட்ட அதுதான். அது வந்துவிட்டால் கொஞ்ச நேரத்துக்கு அங்கே எவருக்கும் மரியாதை கிடையாது.

"பேசறது வாய். அடிபட்டது தலை. வாய்கிட்ட போய் தலையைப் பத்தி விசாரிச்சா அது என்னா சொல்லும்? ஒண்ணும் இல்லன்னுதான் சொல்லும்" என்பார்.

புதுச்சேரியில் அவர் டூட்டி டாக்டராக இருந்த அந்த ஆஸ்பத்திரியில் நான் ஸ்டாஃப் நர்ஸ். அவர் பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால், "என்னைப் பத்தி எழுதற நேரத்துல நாலு பேரு கண்ணுல லைட்டு அடிச்சுப் பாத்திருக்கலாமே" என்று எனக்குத்தான் திட்டு விழும்.

தலையில் அடி என்று யார் வந்தாலும் அவருக்கு ஒரு சடங்கு உண்டு. கோட்டுப் பையிலிருந்து சின்னப் பாட்டிலை எடுத்து மூக்கருகே நீட்டுவார். காபித்தூள். "என்னா வாசனை, சொல்லுங்க." அப்புறம் தன் விரலை ஆட்டி அதன் பின்னால் கண்ணை ஓட்டச் சொல்வார். டார்ச் அடித்துக் கண்மணி சுருங்குகிறதா என்று பார்ப்பார். பஞ்சால் கன்னத்தைத் தொடுவார், பல்லைக் கடிக்கச் சொல்வார், 'ஈ' என்று இளிக்கச் சொல்வார், காதோரம் விரலைத் தேய்ப்பார், வாயைத் திறந்து 'ஆ' சொல்லச் சொல்வார், தோளைத் தூக்கச் சொல்வார், கடைசியில் நாக்கை நீட்டச் சொல்வார். மூளையிலிருந்து நேரே கண்ணுக்கும் முகத்துக்கும் தொண்டைக்கும் வருகிற நரம்புகள் பன்னிரண்டு ஜோடி. பள்ளிக்கூடத்தில் பேர் கூப்பிடுவதுபோல அத்தனையையும் கூப்பிட்டு 'உள்ளேன் ஐயா' சொல்ல வைத்தால்தான் அவருக்குச் சோறு இறங்கும்.

ஒரு தடவை கட்சிக்காரர் ஒருவர் வந்தார். கார் டிக்கி மூடி தலையில் விழுந்துவிட்டது. கூடவே வெள்ளைச் சட்டைகள் ஒரு பட்டாளம். மருந்து போட்டு அனுப்பினால் போதும் என்ற நினைப்பில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தவரை டாக்டர் காபித்தூளில் ஆரம்பித்துத் தோள் வரைக்கும் கொண்டுவந்துவிட்டார். நாக்கில் வந்து அவர் முரண்டு பிடித்தார்.

"டாக்டரம்மா, நான் யாருன்னு தெரியுமா?"

"தெரியும். பன்னெண்டாவது நரம்பு பாக்கி இருக்கிற ஆளு. நீட்டுங்க."

நீட்டினார். சுற்றி நின்றவர்கள் சிரிப்பை அடக்கப் பட்ட பாட்டை நான் பார்த்தேன். கட்சிக்காரரும் பார்த்தார். பெரிய மனிதர்கள் அடியை மறந்தாலும் மறப்பார்கள், அந்தச் சிரிப்பை மறப்பதில்லை.

ரோட்டிலும் இதே கதைதான். மேட்டுப்பாளையம் பக்கம் ஒரு சிக்னலில் நாங்கள் இருவரும் என் ஸ்கூட்டரில் நின்றுகொண்டிருந்தோம். பக்கத்து பைக்குக்காரர் ஹெல்மெட்டைக் கண்ணாடிக் கம்பியில் மாட்டியிருந்தார். டாக்டர் பின்னாலிருந்து எட்டி அதைத் தட்டி, "ஏம்ப்பா, உன் வண்டிக் கண்ணாடியில நரம்பு ஓடுதா?" என்று கேட்டார். அந்த ஆள் இவரை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் பச்சை விழுந்ததும் பறந்துவிட்டார். "போறான் பாரு, பரிசலை எடுத்துத் தலையில வெச்சுக்கிட்டு ஆத்துல நீந்தறவன் மாதிரி" என்று வீடு வரைக்கும் புலம்பிக்கொண்டே வந்தார். எனக்கு ஸ்கூட்டர் ஓட்டுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

கோபம் இல்லாத நேரத்தில் அழகாக விளக்குவார். நோயாளியின் சொந்தக்காரர்களை நிற்கவைத்துத் தன் கையையே மண்டை ஓடாக மூடிக் காட்டுவார். "ஓட்டுக்கு உள்ள மூளை சும்மா கிடக்கல. மூணு உறை போட்டுக்கிட்டு இருக்குது. ஓட்டை ஒட்டினாப்புல இருக்கிறது தோலு மாதிரி கெட்டி. நடுவுல இருக்கிறது சிலந்திக் கூடு மாதிரி. உள்ள இருக்கிறது வேர்க்கடலைத் தொலி மாதிரி, மூளையோட ஒவ்வொரு மடிப்புலயும் ஒட்டிக்கிட்டுக் கிடக்கும்." வெளியே இருப்பதற்கும் உள்ளே இருப்பதற்கும் பிரெஞ்சில் 'அம்மா' என்று முடிகிற பெயர்தானாம். கெட்டி அம்மா, இளகிய அம்மா. நர்சுகள் நாங்கள் அவர் முதுகுக்குப் பின்னால் 'கெட்டியம்மா' என்றே பெயர் வைத்துவிட்டோம். அவருக்குத் தெரியும். கோபித்துக்கொண்டதில்லை.

அவருடைய பயமெல்லாம் அந்தக் கெட்டி உறைக்கும் ஓட்டுக்கும் நடுவில்தான். காதுக்கு மேலே, நெற்றிப்பொட்டுப் பக்கம் எலும்பு மெல்லிசு. அதன் அடியில் ஓடுகிற ரத்தக்குழாய் கிழிந்தால் ரத்தம் உள்ளே மெதுவாகச் சேரும். அடிபட்டவர் எழுந்து மண்ணைத் தட்டிவிட்டுக்கொள்வார், டீ குடிப்பார், வீட்டுக்குப் போன் பண்ணுவார், நன்றாகத்தான் பேசுவார். சேர்ந்த ரத்தம் மூளையைத் தள்ள ஆரம்பிக்கும்போது அதற்கு ஒதுங்க இடம் கிடையாது. நசுங்குகிற வழியில் கண்ணுக்குப் போகிற மூன்றாவது நரம்பு மாட்டிக்கொள்ளும். ஒரு பக்கத்துக் கண்மணி அகலமாகத் திறந்துகொண்டு, எவ்வளவு வெளிச்சம் அடித்தாலும் மூடாது. அதற்குப் பிறகு யாரும் பேசிக்கொண்டிருப்பதில்லை.

எங்கள் பக்கத்து ஜனங்களுக்கோ வேறு ஒரு சாஸ்திரம். அடிபட்ட இடம் புடைத்துக்கொண்டால் நல்லது. "வெளிய வீங்கிடுச்சு, இனிமே உள்ள பயமில்ல." படிக்காதவர்கள் மட்டும் சொல்வதல்ல இது. கம்பெனி சூபர்வைசர் சொல்வார், வாத்தியார் சொல்வார், எங்கள் ஆஸ்பத்திரி வார்டு ஆளே சொல்வார். "வீக்கம் என்னா பஸ் சீட்டா, வெளிய உக்காந்துட்டா உள்ள இடமில்லன்னு சொல்றதுக்கு?" என்று டாக்டர் கத்துவார். கத்திக் கத்தி, போகிறேன் என்று கிளம்பியவர்களைப் பிடித்து உட்காரவைத்து, ஸ்கேன் எடுத்து, உள்ளே ரத்தத்தைக் கண்டுபிடித்து ஆபரேஷனுக்கு அவர் அனுப்பிவைத்தவர்கள் என் கண்முன்னேயே பல பேர். சாரத்திலிருந்து விழுந்த கொத்தனார் ஒருவர், பந்து பட்ட கல்லூரிப் பெண் ஒருத்தி. அவர்கள் பிழைத்தபோது யாரும் வந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கவில்லை. பிழைத்தவர்கள் சாமிக்கு மொட்டை போடப் போய்விட்டார்கள். போகட்டும், அது அவர்கள் நம்பிக்கை. எனக்கு ஆத்திரம் அவர்கள்மேல் இல்லை.

பிள்ளைச்சாவடியிலிருந்து அந்த அக்கா வந்தது ஒரு கோடை மத்தியானம். மீன் விற்கிறவள். காலையில் ஷேர் ஆட்டோ ஒரு வேகத்தடையில் தூக்கிப் போட்டதில் கூடையோடு ரோட்டில் விழுந்திருக்கிறாள். கொஞ்ச நேரம் நினைவில்லை. எழுந்ததும் மீனைப் பொறுக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். வலது புருவத்துக்கு மேலே எலுமிச்சை அளவு புடைப்பு. நாத்தனார் ஊமத்தை இலையை விளக்கெண்ணெயில் வதக்கி வைத்துக் கட்டிவிட்டாள். அந்தக் கட்டோடேயே தலையில் கூடையைத் தூக்கிக்கொண்டு வெயிலில் வியாபாரத்துக்கு வந்தவள், பார்வை மங்குகிறது என்று சொன்னதால் புருஷன் எங்களிடம் கூட்டி வந்தார்.

டாக்டர் காபித்தூளை நீட்டியதும் அவள் சிரித்துவிட்டாள். "மீனுக்காரிகிட்டயா மோப்பம் பாக்குற? காலைல புடிச்சதா, நேத்துப் புடிச்சதான்னு பத்தடி தள்ளி நின்னு சொல்லுவேன் யம்மா."

டாக்டரும் சிரித்தார். டார்ச்சை அடித்தார். சிரிப்பு நின்றது. இடது கண்மணி சுருங்கியது. வலதுபக்கம் கறுப்பாக, முழுசாக விரிந்து, அசையாமல் நின்றது.

உடனே ஸ்கேன் என்றார். ஸ்கேனுக்குத் துறைத் தலைவர் சரி என்று சொல்ல வேண்டும். பெரியவர் வந்தார், கட்டை அவிழ்த்துப் பார்த்தார், இலையை முகர்ந்தார், சிரித்தார். அவர் முட்டாள் இல்லை. ஊமத்தைச் சாறு கண்ணில் பட்டால் கண்மணி விரிந்துவிடும். வியர்வையோடு வழிந்து கண்ணுக்குள் போயிருக்கிறது, முந்தானையால் துடைத்து நன்றாகத் தேய்த்தும் விட்டிருக்கிறாள். "நாளைக்குச் சரியாயிடும். தலை நிக்குது, ஞாபகம் இருக்குது, நல்லாப் பேசுறாங்க. இதுக்கு எதுக்கு ஸ்கேன்?" என்றார்.

"அலோர்!" என்றது கெட்டியம்மா. "ஊமத்தையா இருக்கலாம் சார். ரத்தமாவும் இருக்கலாம். ரெண்டும் ஒரே ஆளுக்கு வரக்கூடாதுன்னு சட்டம் இருக்குதா? இந்தக் கண்ணைச் சாட்சிக்குக் கூப்பிட முடியாதபடி அந்த இலை கெடுத்துடுச்சு. அப்ப உள்ள பாக்கறதைத் தவிர வேற வழி?"

"ஸ்கேன்ல ஒண்ணும் இல்லன்னா?"

"இதே இடத்துல நின்னு எல்லார் முன்னாடியும் மன்னிப்பு கேக்கறேன்."

இதற்குள் புருஷன் கிளம்பத் தயாராகிவிட்டார். அந்த அக்காவும் இறங்கிவிட்டாள். "எனக்கு ஒண்ணும் ஆவல. கூடையில மத்தி கிடக்குது, வெயில்ல நாறிப்போவும்." டாக்டர் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார். வார்டு ஆளைக் கூப்பிட்டு, "ஓடிப் போய் ஐஸ் வாங்கிட்டு வந்து அந்தக் கூடையில கொட்டு" என்றார். சாய்தளத்துக்குக் கீழே நிழலில் மத்தி மீன் ஐஸில் ராஜா மாதிரி படுத்துக்கொண்டது. கேஷுவால்டி முழுக்க மீன் வாடை. கடைசியில் பெரியவர், "எடுங்க, எடுங்க. எல்லாரும் பாக்கட்டும்" என்று சொல்லிவிட்டார்.

ஸ்கேனில் ஒன்றும் இல்லை. மூளை, மூன்று உறை, ஓடு, எல்லாம் அதது இருக்க வேண்டிய இடத்தில் சுத்தமாக இருந்தது.

டாக்டர் கேஷுவால்டி நடுவில் வந்து நின்றார். பெரியவரைக் கும்பிட்டார். அந்த அக்காவையும் அவள் புருஷனையும் கும்பிட்டார். "நான் நெனச்சது தப்பு. உங்க நேரத்தை வீணாக்கிட்டேன். மன்னிச்சுடுங்க" என்றார். அவர் குரலில் ஒரு துளி வருத்தம் இல்லை. முகம் அப்படி மலர்ந்து கிடந்தது. அந்த அக்கா, "இந்த டாக்டரு பொம்பளை எம் பொழுதைக் கெடுத்துட்டா" என்று வைதுகொண்டே கூடையைத் தூக்கினாள், டாக்டர் ஒரு கை கொடுத்து ஏற்றிவிட்டார். பிறகு என்னிடம், "தப்பாப் போனதுக்கு எவ்வளோ சந்தோஷம் பாத்தியா? சரியாப் போயிருந்தா இந்நேரம் அவ தலையைத் தொறந்துக்கிட்டு இருப்பாங்க" என்றார்.

இது ஏன் ஒருத்தருக்கும் புரியவில்லை என்பதுதான் இன்றைக்கும் என் வயிற்றெரிச்சல். யானைக்கும் அடி சறுக்கும். ஆனால் அவர் சறுக்கவே இல்லையே! பார்க்க வேண்டியதைப் பார்த்தார், இல்லை என்று தெரிந்துகொண்டார். அதற்குப் பெயர் தப்பா? மெல்லுகிற வாய்க்கு அவல் கிடைத்தது. அன்றிலிருந்து யார் ஸ்கேன் என்று வாயெடுத்தாலும், "என்னா, ஊமத்தை கேஸா?" என்று ஒரு சிரிப்பு. கான்டீனில் ஊமத்தை, லிஃப்டில் ஊமத்தை. ஆஸ்பத்திரிக்குள் மீன் கூடை வைத்தார், துறைத் தலைவரை எதிர்த்துப் பேசினார், கௌரவமானவர்களை நாக்கை நீட்டச் சொல்லி அவமானப்படுத்தினார் என்று ஏற்கெனவே சேர்த்துவைத்திருந்ததெல்லாம் ஒன்றாகக் கிளம்பியது. அவரை ஏனாமுக்கு மாற்றினார்கள். இங்கே யாரையாவது பிடிக்கவில்லை என்றால் அனுப்பிவைக்க தொலைவில் ஆந்திராவுக்குள், கோதாவரி ஓரம் நமக்கு ஓர் ஊர் இருக்கிறதே, அது. அண்ணன் தம்பியெல்லாம் பிரான்சில் இருக்கிறார்கள், போனால் ராணி மாதிரி இருக்கலாம். இவர் ஏனாமுக்குப் போனார்.

அவர் போன பிறகுதான் சேதராப்பட்டு கம்பெனியிலிருந்து அந்த ஆளைக் கூட்டி வந்தார்கள். லோடு ஏற்றுகிறவர், கல்யாணமாகி அதிகக் காலம் ஆகவில்லை. திரும்பும்போது இரும்பு ரேக் ஒன்று இடது காதுக்கு மேலே இடித்திருக்கிறது. விழுந்து, எழுந்து, சோடா குடித்துவிட்டு நடந்தே உள்ளே வந்தார். கூட வந்த சூபர்வைசர் வந்ததும் வராததுமாக, "நல்லா வீங்கிடுச்சு சார், பயமில்ல" என்றார். வழியில் ஒருமுறை வாந்தி எடுத்ததாக அடிபட்டவரே சொன்னார். டூட்டியிலிருந்த இளம் டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். இரண்டு கண்ணும் சரியாகத்தான் இருந்தன.

நான் பொறுக்காமல் சொன்னேன். "சார், காதுக்கு மேல அடி. விழுந்திருக்காரு, வாந்தி எடுத்திருக்காரு. ஸ்கேன் எடுத்துடலாம் சார்."

"சிஸ்டர், ஊமத்தை எங்க? இலைக் கட்டைக் காணோமே!"

எல்லோரும் சிரித்தார்கள். ஏன் சிரிக்கிறோம் என்று தெரியாமலே சூபர்வைசர் சிரித்தார். அடிபட்ட மனிதரும் சிரித்தார். அந்தச் சிரிப்புதான் இன்னும் என் காதில் கிடக்கிறது. நான் மறுபடி சொன்னேன். பெரியவருக்குப் போன் போட்டேன். "கெட்டியம்மா போயும் அவங்க பழக்கம் போகலயா?" என்று வைத்துவிட்டார். நொண்டிக் குதிரைக்குச் சறுக்கினது சாக்கு. மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள்.

பொழுது சாய்வதற்குள் ஆட்டோவில் தூக்கி வந்தார்கள். இடது கண்மணி முழுசாக விரிந்திருந்தது. இலை கிலை எதுவும் கட்டியிருக்கவில்லை. ஆபரேஷனுக்கு எடுத்துப்போவதற்குள் முடிந்துவிட்டது. "நல்லா பேசிட்டுத்தானே சாப்ட்டாரு, சாப்ட்டுத்தானே படுத்தாரு" என்று அவர் மனைவி சுவரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருந்தாள். விதி என்று சொல்லி அனுப்பினார்கள்.

நான் ஏனாமுக்குப் போன் பண்ணி நடந்ததைச் சொன்னேன். 'அலோர்' வரும் என்று காதைக் கொஞ்சம் தள்ளியே வைத்திருந்தேன். வரவில்லை. "அவங்க வீட்டுக்குப் போய் நம்ம ஆளுங்க யாராவது மன்னிப்பு கேட்டாங்களா?" என்று மட்டும் கேட்டார்.

"இல்ல மேடம்."

அந்த வாரமே வந்து இறங்கினார். அந்த வீட்டுக்குக் கூட்டிப் போகச் சொன்னார். ஸ்கூட்டரில் போகும்போது எனக்குத்தான் ஆற்றாமை. "நீங்க எதுக்கு மேடம் கேக்கணும்? பாத்து அனுப்பினவரு ஜம்முனு அங்க உக்காந்திருக்காரு. போனை வெச்சவரு உக்காந்திருக்காரு. நீங்க அன்னிக்கு ஊருலயே இல்ல."

"நான் அன்னிக்குக் கேட்ட மன்னிப்பை அவங்க சிரிப்பாக்கிட்டாங்க. அந்தச் சிரிப்புலதானே இவரு போனாரு" என்றார்.

கரும்புக் கொல்லையை ஒட்டின வீடு. மாமியார் பாய் போட்டார். அந்தப் பெண் வந்து எதிரே உட்கார்ந்தாள். டாக்டர் தன் கையை மூடிக் காட்டி, ஓட்டுக்குள் என்ன இருக்கிறது, எங்கே கிழிந்தது, ரத்தம் எங்கே சேர்ந்தது என்று எல்லாவற்றையும் பொறுமையாகச் சொன்னார். அவள் புருஷன் நன்றாகப் பேசிக்கொண்டிருந்த அந்த நேரத்தில் உள்ளே பார்த்திருந்தால் காப்பாற்றியிருக்க முடியும் என்பதையும் மறைக்காமல் சொன்னார். அந்தக் குடும்பத்துக்கு அதுவரை யாரும் அதைச் சொல்லவில்லை. சொல்லி முடித்துக் கையெடுத்துக் கும்பிட்டார். "எங்களை மன்னிச்சுடும்மா."

அந்தப் பெண், டாக்டர் கும்பிட்ட கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நீங்கதான் அவரைப் பாத்த டாக்டருங்களா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா. நான் அப்ப வேற ஊருல இருந்தேன்."

அவள் அழவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அப்ப, பாத்த டாக்டரு எப்ப வருவாரு?"